உப்புத்தாள் போட்ட காசு

“புளி போட்டா தேய்ச்சே?”

வேதாந்தம் சார் கத்தினார். கூடத்தில் இருந்த கல்பாக்கம் ஆபீஸ் நண்பர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

“புளிக்குக் களிம்பு போவல சார். அப்புறம் உப்புத்தாளு போட்டேன்,” என்றாள் வீட்டு வேலைக்கு வரும் காசியம்மாள். “வெளக்கு கணக்கா மின்னுது பாருங்க.”

மின்னத்தான் செய்தது. அவர் உள்ளங்கையில் வழவழவென்று ஒரு வெண்கல வட்டம்.

நேற்றுவரை அது எபேசஸ் என்ற கிரேக்க நகரத்துக் காசு. ஒரு பக்கம் தேனீ, மறுபக்கம் மான். இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துப் பச்சைக் களிம்பு. மாமல்லபுரம் கடற்கரையில் ஒருவனிடம் வாங்கி, பீரோவில் பூட்டி வைத்திருந்தார். நேற்றுதான் பெட்டியோடு வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். இன்றைக்கு அதைப் பரிசோதிக்க, சென்னையிலிருந்து நாணய நிபுணர் கிருபாகரன் வந்திருந்தார்.

கிருபாகரன் பூதக்கண்ணாடியை மடக்கினார். “உருவமே போயிடுச்சே சார். அசலா போலியான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது.”

“அசலேதான். களிம்புதான் அதுக்கு உயிர். இவளுக்கு எங்கே தெரியும்?” என்றார் சார்.

நண்பர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். “எப்பேர்ப்பட்ட பொருள்டா உன்கிட்ட இருந்திருக்கு.”

சார் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு காசியம்மாளைப் பார்த்தார். “நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்.”

“சரி சார்.”

தெருமுனையில் மகள் பொன்னி கைக்குழந்தையோடு காத்திருந்தாள். விஷயம் கேட்டதும் அவள் முகம் செத்துவிட்டது.

“இன்னாம்மா இது? இந்த வூட்டு சம்பளத்துலதான கொயந்தைக்குப் பாலு வாங்கறோம்?”

“வேற வூடு கெடைக்கும். நட.”

“நீ மாமல்லபுரத்துல காசு அடிக்கிற பட்டறையில வேல பாத்தவதான? பழைய காசுல களிம்ப எடுக்கக்கூடாதுன்னு உனுக்குத் தெரியாதா?”

“தெரியும்டி. வினிகரும் உப்பும் ஊத்தி அந்தக் களிம்ப ஏத்துனதே நான்தான். எங்க பட்டறை அச்சுல தேனீக்கு ஒரு றெக்க கெடயாது. நேத்து பொட்டியத் தொடைக்கும்போதுதான் பாத்தேன். அந்த மெட்ராஸ்காரரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்திருந்தா, அத்தினி சிநேகிதருங்க முன்னால சாரு மூஞ்ச எங்க வெச்சுக்குவாரு?”