நாளைத் தேதியிட்ட கோப்பு

அக்காவின் லேப்டாப் ஆமையாய் ஊர்ந்தது. "லினக்ஸ் போட்டா பறக்கும்க்கா" என்று தம்பி தன் அறைக்கு எடுத்துப்போனான். அவசரத்தில் அதிலிருந்த அவளுடைய ஆறு வருட டைரியை நகலெடுக்காமலே டிஸ்கை அழித்துவிட்டான். அவள் கேட்டபோது, "பத்திரமா இருக்குக்கா" என்று வாய்கூசாமல் சொன்னான்.

புதிய சிஸ்டத்தில் அவன் உருவாக்காத ஒரு கோப்பு இருந்தது. மறுநாள் தேதியிட்டு, அக்காவின் நடையில் ஒரே வரி: "இன்றும் தம்பி சொல்லவில்லை."

அவனுக்குக் காதெல்லாம் சுட்டது. எல்லாவற்றையும் அழித்து மறுநாள் லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தைப் போட்டான். அதற்கும் அடுத்த நாள் தேதியில் அதே வரி இருந்தது. மூன்றாம் நாள் போட்ட ஓபன்பிஎஸ்டியிலும் அப்படியே.

நான்காம் நாள் அக்கா தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்காக எவ்வளவு மெனக்கெடுறடா. இன்னிக்கு எதைப் போடப்போற?"

"நெட்பிஎஸ்டி" என்றான், தலை நிமிராமல்.