கதவைவிடப் பெரிய ஓவியம்

வீட்டுச் சாமான்களை ஏற்றிய வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. இன்றோடு மூடப்படும் பிரேம் கடைக்குள் அக்காவும் தம்பியும், அக்கா இரண்டு வருடமாக வரைந்த கடலும்தான் பாக்கி. அந்த ஓவியம் கதவைவிட ஒரு சாண் பெரிது. "ஊருக்கெல்லாம் அளந்து பிரேம் போட்டே, சொந்தக் கதவை அளக்கலையாக்கா?" என்கிறான் தம்பி. "வரையும்போது வெளியே போற நெனப்பே இல்லடா." சிரித்துக்கொண்டே அவள் குறட்டால் ஆணிகளைப் பிடுங்குகிறாள், சட்டத்திலிருந்து கழன்ற துணி தரையில் விரிகிறது. சாய்ந்த வெயிலில் அலைகள் மேடுமேடாகத் தெரிகின்றன. "சுருட்டும்போது பெயின்ட் உள்பக்கமா இருக்கட்டும்க்கா, பத்திரம்." "உள்ளே போனா நசுங்கிடும். வெளியே இருந்தாத்தான் தாங்கும்." பெயின்ட் தாங்காமல் வெடித்தால் இரண்டு வருடமும் வீண். தடித்த காகித உருளையைத் தம்பி துணியின் ஓரத்தில் வைத்துப் பிடிக்கிறான். அவள் மண்டியிட்டு, வெடிக்கும் சத்தம் கேட்கிறதா என்று துணியோரம் காதை வைத்து, தூங்கும் பிள்ளையைப் புரட்டுவதுபோல உருட்டுகிறாள். பெரிய அலை வளைவை நெருங்கும்போது தம்பி வெளியே பார்த்துக் கையமர்த்துகிறான். ஓட்டுநர் எஞ்சினை அணைக்கிறார். ஒரு சின்ன நொறுங்கல்கூடக் கேட்கவில்லை. அலை கீறலில்லாமல் உருளையின் முதுகில் ஏறுகிறது. அவள் காதை எடுக்காமலே அடுத்த சுற்றைத் தொடங்குகிறாள்.