கடைசிப் பெயர்

இறந்துபோன தொழிலாளர்களின் பெயர்களைக் கணினியிலிருந்து இன்றே நீக்கச் சொல்லியிருந்தார் தேயிலைத் தோட்டத்து மேலாளரான துரை. கிளாக்கர் ஜெரோமி கடைசிப் பெயரை நீக்கப் போனபோது திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது.

“அண்ணே, இது நீளமா இருக்கு. வாசிச்சுப் பாருங்க,” என்றாள் ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த கிருஷாந்தி.

“ஒவ்வொண்ணுக்கும் இப்படித்தான் கேக்கும்.” சட்டென்று ‘யெஸ்’ஸை அமுக்கினான்.

“ஐயோ! குடும்பத் தலைவர நீக்கினா, அவரு பேருல பதிஞ்ச எல்லாரும் போயிருவாங்கன்னு போட்டிருந்துச்சே!”

ஜெரோமி பதறிப்போய்த் தேடினான். பதிவில் அந்த மனிதரின் மனைவி தெரேசா இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளில் அவர்கள் குடியிருந்த லயக் காம்பராவும் இல்லை.

“திருப்பி எடுக்க முடியாதாண்ணே?”

அதற்குள் திரை அவனையே வெளியே தள்ளிவிட்டுக் கடவுச்சொல் கேட்டது. அடித்தான். மறுபடியும் அடித்தான். ‘இப்படி ஒருவர் இந்தத் தோட்டத்தில் இல்லை’ என்றது.

கிருஷாந்தி திகைத்தாள். “உங்கள எதுக்குண்ணே நீக்குச்சு?”

“நானும் அவரு பேருலதானே பதிஞ்சிருக்கேன். அவரு எங்கப்பா.” ஜெரோமி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். “அந்தப் பேரப் பாத்துக்கிட்டே இருக்க முடியலம்மா. அதான் வாசிக்காம அமுக்கிட்டேன்.”