தூக்குப்போசியில் உறைபனி

அவர் தூக்குப்போசியை அவள் அலுவலக மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார்.

உள்ளே தண்ணீர். கருகிய தேயிலைக் கொழுந்து ஒன்று மிதந்தது.

"பஸ் ஏறும்போது கெட்டியா இருந்துச்சும்மா," என்றார்.

போஜன் என்று பெயர் சொன்னார். நீலகிரியில் குந்தா பக்கம் படுகர் ஊரான ஒரு ஹட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கோயம்புத்தூர் வந்திருந்தார். விடிகாலையில் புல்மேல் படிந்திருந்த உறைபனியை வழித்துப் போசியில் அடைத்து, துண்டைச் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். மேட்டுப்பாளையம் வெயில் வேலையைக் காட்டிவிட்டது.

சட்டைப்பையிலிருந்து உறைபனிச் சேத அறிக்கையின் நகலை எடுத்து விரித்தார்.

அவர் ஊருக்கு நேரே 'உறைபனி இல்லை' என்று இருந்தது. கீழே, எழுதியவர் என்று அவள் பெயர்.

அதனால்தான் நிவாரணப் பட்டியலில் ஊர் விடுபட்டுப்போனது. பட்டியல் நாளை மதியம் சென்னைக்குப் போகிறது.

அவள் திரையைப் பார்த்தாள். அவள் அறிக்கைக்கு ஆதாரமாக வைத்த, செயற்கைக்கோள் எடுத்த படம். அவர் ஊர் இருந்த சரிவில் வெள்ளையாக ஒரு புள்ளிகூட இல்லை.

படத்தின் மூலையில் நேரம் இருந்தது. காலை பத்து முப்பத்திரண்டு.

மலையில் எட்டரைக்கெல்லாம் உறைபனி போய்விடும். அது அவளுக்குத் தெரியும். எழுதும்போதும் தெரியும். பந்தி முடிந்து இலையெடுத்த பிறகு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே விருந்தே நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அறிக்கையில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. போன வருடம் அதில், இந்தப் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினாள். மேலதிகாரி மூன்று முறை திருப்பி அனுப்பினார். இந்த வருடம் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக முடிந்தது.

வெட்கமாக இருந்தது. படம் எடுத்த நேரத்தையாவது சொல்லியிருக்கலாம்.

"லேட்டாயிடுச்சுங்களே," என்றாள்.

அவர் தலையாட்டினார். முதல் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும், தன் தப்புதான் என்றார். அவள் வேலையைக் கெடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.

அவள் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டாள்.



மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் வந்தபோது அவர் அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

மடியில் ஒரு ஃபிளாஸ்க். ஊர் நர்ஸம்மாவிடம் இரவல் வாங்கியது, மூன்று மணிக்கே பனியை வழித்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன் என்றார்.

அவளைக் கண்டதும் எழுந்தார். மூடியைத் திருகினார். கையை நீட்டச் சொன்னார்.

உள்ளங்கையில் கொஞ்சம் தட்டினார்.

வெள்ளையாக விழுந்தது. கெட்டியாக இருந்தது. புல் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இப்பப் பாருங்கம்மா. இருக்குதுங்களா?"

இருக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்துத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

அந்தப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று அவர் கேட்கவே இல்லை.

அவளே சொன்னாள்: அறிக்கை எழுதிய படம் பத்தரைக்கு எடுத்தது, அதற்குள் பனி போயிருக்கும் என்று.

அவர் ஃபிளாஸ்க்கை மெதுவாக மூடினார்.

"அப்ப நேத்தே தெரியுமாம்மா?"