கடல் தாண்டாத படங்கள்

மனைவியின் காலடிச் சத்தம் கேட்டதும் சர்வேயர் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார்.

“அப்படி என்னத்த ஒளிச்சு ஒளிச்சுப் பாக்குறீங்க? ரிட்டயர் ஆன பிறகுதான் இந்தக் கூத்தெல்லாமா?” டிபன் கேரியரும் கையுமாக நின்றாள் அவள். உடம்பு முடியாத அக்காவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிற நேரம்.

“நம்ம குடும்ப போட்டோவை இடம் வாரியா பிரிச்சுக்கிட்டிருக்கேன். அரைகுறையாப் பாத்தா நல்லாயிருக்காது.”

“முடிஞ்சதும் காட்டுங்க. உங்க புள்ள போடுற படமெல்லாம் மேப்புல எங்க வருதுன்னு நான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அதுதானே சங்கடம்! மூன்று பேருக்கும் பொதுவான அந்த ஆல்பத்தில், வெளிநாட்டு வேலைக்குப் போன மகன் தினமும் ஒரு படம் போட்டுவிடுவான். சாப்பாட்டுத் தட்டு, ஜன்னலோரப் பூந்தொட்டி, மடித்து வைத்த படுக்கை. எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாத சமாசாரங்கள்தான்.

வெகுநாளாக அவன் படங்களில் எடுத்த இடம் பதிவானதே இல்லை. இந்த ஒரு வாரமாகத்தான் பதிவாகியிருந்தது. பயல் போனில் எதையோ தெரியாமல் தட்டிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் படங்களில் ஒன்றுகூடக் கடல் தாண்டவில்லை. மேப்பில் இதே ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மொத்தமாகப் போய்க் குவிந்தன.

மிஷின் உளறுகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, அன்று காலையில்தான் நேரிலேயே போய்ப் பார்த்திருந்தார். லாட்ஜ் மாடியில் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தான் மகன். துரும்பாய் இளைத்திருந்தான். கூப்பிட வாய் வரவில்லை. “பாதியில திரும்பி வந்தா என் மூஞ்சியில முழிக்காதே” என்று சொல்லி அனுப்பிய வாய்தானே அது!

வேலை போனதோ, எவனாவது ஏமாற்றினானோ, அதெல்லாம் அப்புறம். இவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? போன வருஷம்தான் நெஞ்சுவலி வந்து மறுபிழைப்புப் பிழைத்தாள். அதிர்ச்சி கூடவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

நிலத் தகராறில் அண்ணன் தம்பி அரிவாளோடு வந்து நின்றபோதுகூட, ஒருவன் வரப்பை ஒரு விரற்கடை தள்ளிக் குறித்தவர் இல்லை அவர். அப்பேர்ப்பட்ட மனுஷர் மறுபடி லேப்டாப்பைத் திறந்தார். மகனின் படங்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார். திருட்டுக் காரியம் செய்கிற மாதிரி வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எங்க, காட்டுங்க.”

காட்டினார். “பாரு, உன் புள்ள அங்க ராஜாவாட்டம் இருக்கான்.”

பூரித்துப்போவாள் என்றுதான் நினைத்தார். ஆனால் அவள் முகம் தொங்கிப்போய்விட்டது.

“நீங்கதானே இதையெல்லாம் நகர்த்தி வச்சீங்க?”

“நான் எதுக்கு நகர்த்தப் போறேன்?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதாங்க வந்திருக்கணும்.”

சர்வேயர் லேப்டாப்பை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“மூணு மாசமா அக்கா வீட்டுக்குன்னு சொல்லிட்டு அவனுக்குத்தான் சோறு கொண்டுபோறேன். உங்ககிட்ட வாயத் திறக்க அவனுக்கும் பயம், எனக்கும் பயம்.” அவள் மேப்பையே பார்த்தாள். “நீங்களாக் கண்டுபிடிச்சா மனசு எளகி, ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்துடுவீங்கன்னு நம்பினேன்.”

“நானா எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“அவன் போன்ல லொகேஷனை ஆன் பண்ணி வச்சதே நான்தாங்க.”