திரையில் ஓடிய நாடி

பதினேழாவது குழிக்கு வந்தபோது கோல்ஃப் வீராங்கனை நறுமுகை ஒரே ஓர் அடி குறைவாக அடித்து முன்னிலையில் இருந்தாள். மட்டைப் பையைச் சுமந்தபடி அவள் கணவன் சிபி கூடவே வந்தான். கோவை மைதானத்தின் பெரிய திரையில், எல்லாப் போட்டிகளிலும் போலவே, இருவரின் மணிக்கட்டுப் பட்டைகள் அளந்த நாடித்துடிப்பும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு எழுபத்தாறு. அவனுக்கு நூற்று நாற்பத்தெட்டு.

கூட்டம் சலசலத்தது. வர்ணனையாளர் காரணங்களை ஊகிக்கத் தொடங்கினார்.

"என்னங்க, உங்களுக்கு ஏன் இப்படி அடிக்குது?"

"வெயிலு. நீ பந்தைப் பாரு."

அவன் எண் நூற்று அறுபதைத் தொட்டது. மருத்துவமனையில் நேற்றுச் சேர்த்த அப்பாவின் முகம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அவள் எண்ணும் ஏறியது. கூட்டம் ஆரவாரித்தது.

"ஊட்ல இருந்து கூப்பிட்டாங்களா?"

சிபி வாயைத் திறந்தான்.

"இருங்க" என்றாள். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். தன்னுடையதைக் கழற்றிப் புல்லில் போட்டாள். அவனுடையதையும் கழற்றினாள். திரையில் இரண்டு எண்களும் அணைந்தன.

"இப்பச் சொல்லுங்க."

அவன் அவள் காதருகே குனிந்தான்.

"மாமா போயிட்டாரு, நறு."

அவள் அவன்மேல் சாய்ந்தாள். அவள் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்பது அவனுக்கு மட்டுமே தெரிந்தது.