நாலு சொல் தந்தி

"வாத்தியாரையா, மதராஸ்லருந்து தந்தி வந்திருக்கு! ஓடி வாங்க!"

கருப்பட்டி வியாபாரி அப்பாத்துரையின் குரல் ஏரல் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. மிஷன் பள்ளிக்கூடத்து நேசையா வாத்தியார் அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பறந்தார். ஊரிலேயே இங்கிலீஷ் அகராதி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அந்த நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு.

அப்பாத்துரையின் மகன் ஜேசுதாசன் மதராஸில் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதியிருந்தான். அவனுக்குப் பொங்கிப் போடவென்று தங்கை ஞானசௌந்தரியையும் கூட அனுப்பியிருந்தார்கள். இன்றைக்கு முடிவு வரவேண்டிய நாள்.

வாத்தியார் தந்தியைப் பிரித்து உரக்க வாசித்தார். நாலே சொல்.

'ஐ ஃபெயில்ட். சிஸ்டர் பாஸ்ட்.'

"பையன் தோத்துட்டான், வே."

"சிஸ்டர்னு ஏதோ வாசிச்சீகளே, தங்கச்சிதான? அவளுக்கு என்ன?"

"பாஸ்ட்டுன்னு இருக்கு…" வாத்தியார் ஆவலோடு அகராதியைப் புரட்டினார். "யப்பா! இந்த ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் முழுக்க அர்த்தம் கிடக்கு. லத்தீன்ல 'அடி'ன்னு ஒரு சொல்லு, அதுலருந்து வந்தது. அடி மேல அடி வச்சு ஒரு எடத்தத் தாண்டுனா பாஸ். நம்ம ஆரியங்காவுக் கணவாயும் பாஸ். ரயில்காரன் குடுக்குத சீட்டும் பாஸ். பரீட்சையத் தாண்டுனாலும் பாஸ்…"

"எம் மக எதத் தாண்டுனா? அதச் சொல்லுங்கய்யா!"

வாத்தியாரின் விரல் கடைசி வரியில் நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

"இந்த உலகத்தத் தாண்டுனாலும் அதே சொல்லுதான். மதராஸ்ல காலரான்னு போன வாரம் பத்திரிகைல போட்டிருந்தான். அந்தத் துக்கத்துலதான் பையனும் தோத்திருக்கான்."

"எம் ராசாத்தி! போயிட்டியா!" அப்பாத்துரை நெஞ்சில் அடித்துக்கொண்டு கருப்பட்டி மூட்டைமேல் சாய்ந்தார். தெருவே கூடி அழுதது. வாத்தியாரும் அழுதார். அவரிடம் படித்த பிள்ளைகளில் அவளைப்போல் சூட்டிகை யாரும் இல்லை. அஞ்சாம் வகுப்போடு அவளை நிறுத்தியபோது அவர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அழாதவள் ஒருத்திதான். பெற்ற தாய் சாரம்மாள்.

"இன்னொருக்க வாசிங்க, வாத்தியாரையா."

வாசித்தார். சாரம்மாள் சிரித்தாள்!

"பெத்த வயிறா இது? கல்லு!" என்று கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"ஏன் எல்லாரும் அழுதீக? அவளும் பரீட்சை எழுதுனா. அண்ணன் புஸ்தகத்தையே படிச்சா. அண்ணன்தான் மனுப் போட்டு எழுத வச்சான். சொன்னா இவுக விடமாட்டாகன்னு நாந்தான் மறைச்சேன்."

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை.

"தாண்டிட்டாளா! ஏலே, நம்ம ஊர்ப் பொம்பளப் பிள்ள மெட்ரிகுலேஷனத் தாண்டிட்டாளா!"

வயதையும் மறந்து அகராதியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அதே வாயால் குலவை போட்டார்கள்.

"வே அப்பாத்துரை, எந்திரியும்! உம்ம மக உசுரோட இருக்கா! பாஸும் பண்ணிட்டா!"

அப்பாத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சத்தியமாவா?"

"வேதத்து மேல சத்தியம்!"

அவர் தந்தியைக் கையில் வாங்கி, தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்பம்… பொட்டப் பிள்ள ஜெயிச்சு, எம் மவனா தோத்துட்டான்?"

அப்படியே மூட்டைமேல் பொத்தென்று விழுந்தார். மகள் செத்தாள் என்று அழுததைவிட இந்த அழுகைதான் பலமாக இருந்தது.